ஆறரை ஆண்டு காக்ளியர் இம்ப்ளான்ட்: என் மகள் காதில் விழும் தமிழ்

காது கேட்காத மகளுக்கு ஒன்றரை வயதில் ஆபரேஷன். ஒலியை மின்துடிப்பாக்கி நேரே கேட்பு நரம்புக்குக் கொடுக்கும் கருவியை உள்காதில் வைத்தார்கள்; அதுதான் காக்ளியர் இம்ப்ளான்ட். இப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வலது காதில் மட்டும் இம்ப்ளான்ட், நரம்பைத் தூண்ட 22 எலெக்ட்ரோடு. மற்றவர்கள் காதில் ஒலியை உணரும் ஏறத்தாழ 3,500 உள் மயிர்செல்கள் பார்க்கிற வேலையை இந்த 22 பார்க்க வேண்டும்.

கருவியை முதன்முதலாக இயக்கிய ஸ்விட்ச் ஆன் அன்று வீடியோக்களில் வருவது போலச் சிரிக்கவில்லை, வீறிட்டு அழுதாள். அர்த்தத்தோடு 'அம்மா' என்று கூப்பிடப் பதினொரு மாதம் ஆனது. அதற்குள் எத்தனையோ மேப்பிங் (எலெக்ட்ரோடுகளின் மின்னளவை அவளுக்கு ஏற்பச் சரிசெய்வது), கேட்கப் பேசப் பழக்கும் தெரபி. வீட்டில் குக்கர் விசில்கூடப் பாடம்தான்.

இன்றும் பள்ளிக்குக் கிளம்பும் முன் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் சொல்லிப் பார்ப்பேன். லிங் டெஸ்ட். பேச்சின் தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை இந்த ஆறில் வந்துவிடும். ஒருநாள் 'ஸ்'ஸுக்கு மட்டும் கை தூக்கவில்லை. வெளியே மாட்டும் புராசசரின் (ஒலியை வாங்கி உள்ளே அனுப்பும் பகுதி) விளக்கு எப்போதும் போல எரிந்தது. பார்த்தால், மைக் மூடியில் வியர்வையும் அழுக்கும். மாற்றியதும் சரியானது.

கல்யாண மண்டபம் என்றால் சுத்தமாகப் போச்சு. "மிஷின் வெச்சாச்சே, இன்னும் ஏன் ஆங், ஆங்-னு கேக்கறா?" என்பார் அவள் பெரியப்பா. சத்தம் கேட்கும், அதிலிருந்து பேச்சைப் பிரித்தெடுப்பதுதான் பாடு. ஒற்றைக் காது என்பதால் வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்றும் தெரியாது. ரோட்டில் கையை விடுவதே இல்லை.

படம்-பாடம், பல்-பால் இதுவரை குழம்பியதில்லை. குறில் நெடில் நேர அளவுதானே, அதை இம்ப்ளான்ட் நன்றாகவே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பல்லி-பள்ளி, மனம்-மணம் அப்படியல்ல. வித்தியாசம் நுணுக்கமானது, நாக்கு உள்ளே மடிவதால் உதட்டைப் பார்த்தும் பயனில்லை. (காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகளும் இதில் தடுமாறுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.) வாக்கியத்தில் வந்தால் பிடித்துவிடுவாள். டிக்டேஷனில் தனிச்சொல்லாக வந்தால் மார்க் போகும். அதனால் சொல்லை வாக்கியத்தோடு சேர்த்துச் சொல்லும்படி டீச்சரிடம் கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் 'மணம்' சரியாக எழுதியிருந்தாள். "மூணுசுழி எப்படிக் கேட்டுச்சு?" என்றேன்.

"கேக்கலம்மா. மிஸ் மல்லிகைப்பூன்னு சொன்னாங்க."