எச்பிவியா, ஈபிவியா: யார் எதைக் கவனிக்க வேண்டும்?

தலை, கழுத்துப் புற்றுநோயோடு தொடர்புள்ள வைரஸ்களில் முக்கியமானவை இந்த இரண்டு: எச்பிவி (HPV, மனித பாப்பிலோமா வைரஸ்), ஈபிவி (EBV, எப்ஸ்டீன்-பார் வைரஸ்).

இடம்: எச்பிவி, டான்சிலிலும் அடிநாக்கிலும். ஈபிவி, மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டையில்.

பரவல்: எச்பிவி பெரும்பாலும் வாய்வழி உடலுறவில், துணைகள் கூடினால் ஆபத்தும் கூடும். ஈபிவி எச்சிலில். பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் அது ஏற்கெனவே தொற்றியிருக்கும், அதனால் தொற்றை நினைத்து மட்டும் பயந்து பயனில்லை. தென் சீன, தென்கிழக்கு ஆசிய வம்சாவளி, குடும்பத்தில் மூக்குத்தொண்டைப் புற்றுநோய், சிறுவயதிலிருந்தே சீன முறை உப்பு மீன்: ஈபிவி புற்றுநோய் ஆபத்துக்கு இவைதான் கணக்கு.

புகை: இரண்டுக்கும் கெடுதல்.

தடுப்பூசி: எச்பிவிக்கு உண்டு. ஈபிவிக்கு இன்னும் வரவில்லை.

வீட்டில் 9 முதல் 14 வயதுப் பிள்ளை இருந்தால், பையனோ பெண்ணோ, எச்பிவி ஊசி பற்றிக் கேளுங்கள். குடும்பத்தில் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் இருந்தவர்கள் ஒரு பக்கக் காதடைப்பு நீடித்தாலே மருத்துவரிடம் போகலாம். கழுத்துக் கட்டி என்றால், சரி, எல்லோரும்தான்.