சுங்கை சிப்புட்டில் கார் ஓட்ட எந்தப் பெர்மிட்?

இந்த முறை பிரிட்டனில் இருந்து ஊருக்கு, மலேசியாவில் ஈப்போ பக்கம் உள்ள சுங்கை சிப்புட்டுக்கு, போய் வந்ததில் வேறு எதைப் பற்றியும் எழுதத் தோன்றவில்லை. விமானம், ரயில், ஈப்போவில் தங்கிய இடம் எதிலும் குறையில்லை. வாடகைக் கார் கடையில் நடந்ததுதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

சுங்கை சிப்புட் தெரிந்தவர்களிடம் கார் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. டவுன் வேலையை நடந்தே முடித்துவிடலாம். பெரியம்மா இன்னும் தோட்டத்துப் பக்கம்தான் இருக்கிறார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்துப் பஸ்ஸும் அதோடு போய்விட்டது. கிராப் வாடகைக் காரைப் போனில் கூப்பிட்டால் உள்ளே கொண்டுபோய் விடுவார்கள். திரும்பி வரக் கூப்பிட்டால் ஒரு வண்டியும் எடுக்காது. சாயங்காலம் சந்தைக்குக் கூட்டிப் போ, கோயிலுக்குக் கூட்டிப் போ என்று கேட்கிற பெரியம்மாவிடம் வண்டி கிடைக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

என் மலேசிய லைசென்ஸ் காலாவதியாகி மூன்று வருஷம் தாண்டிவிட்டது. அப்படியானால் மறுபடியும் டெஸ்ட் எடுத்தால்தான் உண்டு. அதனால் பிரிட்டிஷ் லைசென்ஸ், கூடவே வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனைத்துலகப் பெர்மிட். பிரிட்டனில் 2024 ஏப்ரலில் இருந்து இது தபால் நிலையத்தில் கிடைப்பதில்லை. பேபாயிண்ட் பலகை மாட்டிய தெருமுனைக் கடைகளில் கொடுக்கிறார்கள், ஐந்தரை பவுன். கடைக்காரர் முதலில் கையில் எடுத்தது 1968ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைக்கான பெர்மிட் புத்தகம். அது மூன்று வருஷம் செல்லும், விலையும் அதேதான் என்பதால் கேட்கிறவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மலேசியா சேர்ந்திருப்பது 1949 ஜெனீவா உடன்படிக்கையில். அதற்கான புத்தகம் ஒரு வருஷம்தான் செல்லும். நாட்டின் பெயரைச் சொல்லி, அட்டையில் 1949 என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுத்தேன். விமானம் ஏறிவிட்டால் இதை வெளிநாட்டில் இருந்துகொண்டு வாங்க வழியில்லை.

சரி, ஈப்போ கடைக்கு வருவோம். மேசையில் இருந்த தம்பி மரியாதையான பிள்ளை. சாம்பல் நிற அட்டை போட்ட பெர்மிட் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் என் போட்டோ, தலைப்புகள் எல்லாம் பிரெஞ்சில், ‘பி’ என்ற எழுத்துக்கு எதிரே ஒரு ரப்பர் முத்திரை. அந்த முத்திரையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். மை ஒட்டவில்லை. அப்புறம் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

“அக்கா, இது புக்கு மாதிரி இருக்கே. இண்டர்நேஷனல் லைசென்ஸ்னா கார்டுல்ல?”

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு படம் வைத்திருந்தார்கள். இப்படி இருந்தால் வாங்கிக்கொள் என்று யாரோ மாதிரிக்கு வைத்தது. பிளாஸ்டிக் அட்டை, உலக உருண்டை, ஓரத்தில் தங்க நிறச் சில்லு, கீழே பத்து வருஷம் செல்லும் என்று ஒரு தேதி. எனக்கு ரத்தம் கொதித்தது. 1949 புத்தகம் ஒரு வருஷம், 1968 புத்தகம் அதிகபட்சம் மூன்று வருஷம். பத்து வருஷப் பெர்மிட் என்று எந்த உடன்படிக்கையிலும் கிடையாது. லைசென்ஸ் கொடுத்த நாட்டின் அரசோ, அந்த அரசு அனுமதித்த அமைப்போ மட்டும்தான் பெர்மிட் கொடுக்க முடியும். இணையத்தில் பணம் கட்டினால் வீட்டுக்கு வரும் அட்டைக்கு அந்தத் தகுதி இல்லை. அதைக் காட்டினால் கார் சாவி, அசலைக் காட்டினால் “முதலாளி வரட்டும்”.

தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன். அந்த அட்டைக்காரர் யாரையாவது இடித்துவிட்டால், செல்லாத உரிமம் என்று இன்சூரன்ஸ் கையை விரித்துவிட்டால், பதில் சொல்லப் போவது யார்? அவர் பேசவில்லை. தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

பிரிட்டனில் இதே வேலைக்கு மேசையில் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை, முடிந்தது. இங்கே எனக்கு நாற்காலி கிடைத்தது, தண்ணீர் கிடைத்தது, எந்தத் தோட்டம், யார் வீடு என்று விசாரிப்பும் கிடைத்தது. அந்த அன்பு வேறு எங்கும் கிடைக்காது என்பதை மனசாரச் சொல்கிறேன். அதற்காக வேலை தெரியாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா?

யோசித்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது. நம் ஊர்க்காரர்கள் வண்டி எடுத்துக்கொண்டு வெளிநாடு போவதென்றால் சிங்கப்பூர், இல்லாவிட்டால் தாய்லாந்தின் ஹாட்யாய். ஆசியான் நாடுகள் ஒன்றின் லைசென்ஸை மற்றொன்று ஏற்றுக்கொள்ள 1985லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டன. அதனால் பெர்மிட் புத்தகத்தைக் கண்ணால் பார்க்கும் தேவையே நம் ஆட்களுக்கு வந்ததில்லை.

முதலாளி சாப்பிட்டு வந்தார். புத்தக அட்டையில் இருந்த 1949ஐப் பார்த்தார், என் பிரிட்டிஷ் லைசென்ஸைப் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒத்துப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார். இரண்டு நிமிஷ வேலை. கண்ணாடிக்கு அடியில் இருந்த படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தார். என் புத்தகத்தின் அட்டையைப் படம் பிடித்துக்கொள்ளலாமா என்று அவரே கேட்டார்.

இதைப் பெரியம்மா வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகன் போனை நீட்டினான். “அத்தை, இந்தக் கார்டா?” அதே உலக உருண்டை. ஜப்பான் போய் ஹொக்காய்டோவில் கார் எடுக்கப் போகிறானாம், அதற்கு இருநூறு ரிங்கிட்டுக்கு மேல் கட்டியிருக்கிறான். மலேசியர்களிடம் ஜப்பான் ஏற்பது 1949 புத்தகம் ஒன்றைத்தான். அந்த அட்டையோடு ஓட்டிப் பிடிபட்டால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். நல்ல வேளை, இன்னும் கிளம்பவில்லை. நம் ஜேபிஜே, அதாவது மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகா, கொடுப்பதும் அதே 1949 புத்தகம்தான், 150 ரிங்கிட். ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நாள் முழுக்கப் போய்விடும் என்று நினைத்துச் சோறு கட்டிக்கொண்டு போனோம். தேவைப்படவில்லை. முகப்பில் இருந்த அம்மா ஐ.சி. என்கிற அடையாள அட்டையையும் போட்டோவையும் வாங்கிக்கொண்டு, லைசென்ஸ் முடியும் தேதியைத்தான் முதலில் பார்த்தார். “இன்னும் சில மாசம்தான் இருக்கு. முதல்ல இதைப் புதுப்பிச்சுட்டு வாங்க, அப்புறம் பெர்மிட் போடலாம்” என்று பக்கத்து முகப்பைக் காட்டினார். கேட்காமலே சொன்ன யோசனை அது. மைஜேபிஜே செயலியில் லைசென்ஸ் இருக்கிறதே, போதாதா என்று இவன் கேட்டதற்கு, இங்கே செல்லும், வெளிநாட்டில் போனை நம்ப வேண்டாம், லைசென்ஸ் அட்டையையும் அச்சடித்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வாங்கிக்கொண்டோம். இணையத்தில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு அன்றிரவே எழுதினான். பதில் வரவில்லை.