பிஸ்டன் ஏர்லெஸ், டயாபிரம் ஏர்லெஸ், டர்பைன் ஸ்ப்ரே: எந்த மெஷின் யாருக்கு?

பெயிண்ட் அடிக்கும் மின்சார மெஷின் வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது வேகத்தை. ஒரு நாளில் எத்தனை சதுர அடி முடிக்கலாம் என்ற கணக்கைத்தான் விற்பவரும் சொல்வார். ஆனால் வாங்கிய மெஷின் சில மாதங்களில் வேலைக்கு ஆகாமல் கிடக்கிறதென்றால், பெரும்பாலும் காரணம் சாயங்காலம் சரியாகக் கழுவாமல் விட்டதுதான். ஆள் அடிபட்டால் காரணம் பிரஷரை இறக்காமல் ஸ்ப்ரே கன்னில் கை வைத்தது. அதனால் இந்த மூன்று வகைகளையும் பாதுகாப்பு, கழுவும் வேலை, தேயும் பாகம் ஆகியவற்றை வைத்தே பார்ப்போம். வேகம் அதற்குப் பிறகு.

ஏர்லெஸ்ஸில் காற்று கலப்பதில்லை. பம்ப் பெயிண்டையே அழுத்தி, கன்னின் முனையில் மாட்டும் டிப்பின் நுண்ணிய துளை வழியாகத் தள்ளும்போது அது தூளாகச் சிதறுகிறது. அழுத்தத்தை உண்டாக்கும் விதத்தில்தான் பிஸ்டனும் டயாபிரமும் பிரிகின்றன. பிஸ்டனில் ஒரு தண்டு மேலும் கீழும் ஓடி பெயிண்டை நேரடியாக உறிஞ்சித் தள்ளும். டயாபிரமில் பிஸ்டன் ஹைட்ராலிக் ஆயிலைத் தள்ள, ஆயில் ஒரு சவ்வை அசைக்க, சவ்வு பெயிண்டைத் தள்ளும். மூன்றாவதான டர்பைன் வகையை ஹெச்விஎல்பி என்பார்கள். அதில் டர்பைன் ஊதும் காற்றுதான் பெயிண்டைச் சிதறடிக்கிறது. காற்றின் அளவு அதிகம், அழுத்தம் குறைவு. கன்னின் முனையில் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாது.

அழுத்தம்: பெரிய வித்தியாசம் இங்கேதான்

கார் டயரில் காற்று 32 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். ஏர்லெஸ் மெஷின்கள் பெயிண்டை 3,000 முதல் 3,300 பிஎஸ்ஐ வரை அழுத்துகின்றன. 100 பிஎஸ்ஐ தாண்டினாலே திரவம் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடும். 1,600 பிஎஸ்ஐயோடு நிற்கும் குறைந்த அழுத்த ஏர்லெஸ்களும் வந்துவிட்டன. பெயிண்ட் தூசியாகப் பறப்பது குறைவு என்பதால் அவை நல்லவைதான். ஆனால் கைக்கு ஆபத்து இல்லை என்று நினைத்து அவற்றை வாங்க வேண்டாம்.

டிப்பில் இருந்து பீய்ச்சிய பெயிண்ட் விரலில் பாய்ந்தால், வெளியே ஊசி குத்திய அளவுக்கு ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் பெரிதாக இருக்காது. உள்ளே பெயிண்டும் கரைப்பானும் தசைநாண் ஓரமாகப் பரவி, சில மணி நேரத்தில் விரல் வீங்கி இரத்த ஓட்டம் நின்றுவிடக்கூடும். எனாமல், தின்னர் கலந்த பெயிண்ட் என்றால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரும் வாய்ப்பு இன்னும் கூடுதல். மஞ்சள் வைத்துக் கட்டுவது, டிடி ஊசி போட்டுவிட்டு வீட்டுக்கு வருவது, இரண்டும் கூடாது. கை அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. பெயிண்ட் டப்பாவின் லேபிளையும் படம் எடுத்துக்கொண்டு போய், "அதிக அழுத்தத்தில் பெயிண்ட் உள்ளே பாய்ந்திருக்கிறது" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். வெறும் வெட்டுக்காயம் என்று பதிவானால் நேரம் போய்விடும்.

இந்த ஆபத்து பிஸ்டனுக்கும் டயாபிரமுக்கும் சமம். டர்பைனில் இது இல்லை. வீட்டில் குழந்தைகள் ஓடியாடும் இடத்தில், பழக்கமில்லாத கையில் ஒரு மெஷினைக் கொடுப்பதென்றால் டர்பைனைத்தான் கொடுக்க வேண்டும்.

ஏர்லெஸ்ஸில் பிரஷர் இறக்கும் முறை மாறாமல் இப்படி இருக்கட்டும்: டிரிகர் லாக்கைப் போடுங்கள். சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். அழுத்தக் குமிழைக் கடைசி வரை குறையுங்கள். லாக்கை எடுத்து, கன்னை வாளிக்குள் பிடித்து டிரிகரை அழுத்துங்கள். பிறகு வால்வை ப்ரைம் நிலைக்கு (பெயிண்ட் கன்னுக்குப் போகாமல் வாளிக்கே திரும்பும் நிலை) திருப்பி அப்படியே விட்டு, மீண்டும் லாக் போடுங்கள். டிப்பைக் கழற்றுவதற்கு முன்பும், ஃபில்டரைத் திறப்பதற்கு முன்பும், சாப்பாட்டுக்குப் போகும்போதும் இது நடக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. மோட்டார் நின்ற பிறகும் ஹோஸுக்குள் அழுத்தம் அப்படியே நிற்கும்.

டிப் அடைத்தால் லாக் போட்டு, டிப்பின் பிடியை 180 டிகிரி திருப்பி, லாக்கை எடுத்துக் குப்பை வாளிக்குள் ஒரு தடவை அடியுங்கள். அடைப்பு வெளியே வந்ததும் லாக் போட்டுப் பழைய நிலைக்குத் திருப்புங்கள். விரலாலோ துணியாலோ முனையைத் துடைக்கக் கூடாது. திருப்பியும் போகவில்லை, அழுத்தமும் இறங்கவில்லை என்ற சந்தேகம் வந்தால், டிப் காப்பின் நட்டையோ ஹோஸ் முனையையோ மிக மெதுவாகத் தளர்த்தி, கசிந்து அழுத்தம் வடிந்த பிறகே முழுதாகக் கழற்றுங்கள்.

மின்சாரமும் தீயும்

எமல்ஷன் அடிக்கும்வரை கவலை ஷாக் மட்டும்தான். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் இந்த மெஷினில் கூடவே கூடாது. தண்ணீர் சிந்தும் தரையில் நின்று வேலை செய்வதால் மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக வரும் லைனில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் 2.5 சதுர மிமீ, மூன்று கம்பி உள்ளதாக இருக்கட்டும். வயர் மெல்லியதாக இருந்தால் வோல்ட்டேஜ் இறங்கி மோட்டார் திணறும். மின்சார வயரை நீட்டுவதைவிட பெயிண்ட் ஹோஸை நீட்டுவது நல்லது.

தின்னரும் டர்பன்டைனும் வந்துவிட்டால் கதையே வேறு. ஹோஸில் திரவம் ஓடும்போது நிலைமின் உண்டாகிறது, அதன் பொறியே ஆவியைப் பற்றவைக்கக்கூடும். ஏர்லெஸ்ஸைத் தின்னரால் கழுவும்போது டிப்பைக் கழற்றி, மிகக் குறைந்த அழுத்தத்தில், எர்த் செய்த இரும்பு வாளியின் விளிம்பில் கன்னின் உலோகப் பகுதியை அழுத்திப் பிடித்தபடி விடுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். மெஷின் அடிக்கும் இடத்திலிருந்து 6 மீட்டராவது தள்ளி, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். மோட்டாருக்குள் பொறி பறக்கும்.

அந்த வகையில் 15 மீட்டர் ஹோஸ் உள்ள ஏர்லெஸ் ஒரு வசதி. கையில் பிடிக்கும் டர்பைனில் மோட்டார் பெயிண்டின் பக்கத்திலேயே இருக்கிறது. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரின் ஆவி நம் ஊர் அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். கையடக்க மெஷினின் கையேட்டில் எந்தத் தீப்பற்று வெப்பநிலைக்குக் கீழுள்ள பொருளை அடிக்கக் கூடாது என்று போட்டிருக்கும். மெஷினுக்கு மெஷின் அது மாறும். படிக்காமல் என்சி லாக்கரை ஊற்ற வேண்டாம்.

மூச்சுக்கு, எமல்ஷன் என்றாலும் துணி மாஸ்க் போதாது. கரைப்பான் உள்ளவற்றுக்குக் கரிமஆவி கார்ட்ரிட்ஜும் முன்வடிகட்டியும் உள்ள மாஸ்க் வேண்டும். ஹார்டனர் கலக்கும் இரண்டு பாக பியூ (பாலியூரிதேன்) பெயிண்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருப்பதால், வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் எந்த மெஷினிலும் அடிக்க வேண்டாம்.

கழுவும் வேலை

டர்பைன் இங்கே எளிதில் ஜெயிக்கிறது. கப்பை ஊற்றிவிட்டு, ஊசி, நாசில், காற்று மூடி மூன்றையும் கழற்றி மென்மையான பிரஷால் தேய்த்தால் முடிந்தது. காற்று ஃபில்டரில் தூசி சேர்ந்தால் மாற்ற வேண்டும். கப்புக்கும் டர்பைனுக்கும் நடுவிலுள்ள சின்ன வால்வில் பெயிண்ட் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏர்லெஸ் இரண்டிலும் கழுவுவதே ஒரு தனி வேலை. கால் அங்குல ஹோஸ் 15 மீட்டர் என்றால் அதற்குள் மட்டும் சுமார் அரை லிட்டர் பெயிண்ட் நிற்கும். பம்பிலும் ஃபில்டரிலும் இன்னும் கொஞ்சம். அதனால்தான் ஒரே ஒரு கதவுக்கு ஏர்லெஸ்ஸை இறக்குவது நஷ்டம். ஹோஸில் இருப்பதை வீணாக்காமல் எடுக்க வழி உண்டு. பிரஷரை இறக்கி டிப்பைக் கழற்றிய பிறகு, உறிஞ்சு குழாயைத் தண்ணீர் வாளிக்கு மாற்றி, குறைந்த அழுத்தத்தில் கன்னைப் பெயிண்ட் வாளிக்குள்ளேயே திறந்து வையுங்கள். பெயிண்ட் தண்ணியாகத் தொடங்கும் கணத்தில் குப்பை வாளிக்கு மாற்றுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட்டி, ப்ரைம் குழாயையும் அதேபோலக் கழுவுங்கள். கன்னின் கைப்பிடிக்குள் இருக்கும் ஃபில்டரையும் மெஷின் ஃபில்டரையும் கழற்றித் தனியாகத் தேய்க்க வேண்டும். பலர் மறப்பது கன் ஃபில்டரை.

எனாமலில் இருந்து எமல்ஷனுக்கு மாறும்போது முதலில் டர்பன்டைன், பிறகு சோப்புத் தண்ணீர், கடைசியில் வெறும் தண்ணீர். எமல்ஷனில் இருந்து எனாமலுக்கு என்றால் தண்ணீரில் தெளிய ஓட்டிவிட்டு டர்பன்டைன். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் உள்ளே தயிர் போலத் திரிந்து ஃபில்டர் அடைக்கும்.

கழுவி முடித்ததும் தண்ணீரை உள்ளேயே விட்டு வைக்கக் கூடாது. போர் தண்ணீர் உப்பு அதிகமுள்ள ஊர்களில் இது பம்பின் ஆயுளையே பாதிக்கும். பம்ப் பாதுகாப்புத் திரவம் என்று கடையில் கிடைப்பதை உறிஞ்சவைத்து நிறுத்துங்கள். அது கிடைக்காவிட்டால் டர்பன்டைன். இல்லையென்றால் அடுத்த முறை உறிஞ்சு வால்வின் குண்டு ஒட்டிக்கொண்டு பம்ப் இழுக்காது. ஒட்டிய குண்டைத் தள்ளச் சில மெஷின்களில் ஒரு பட்டன் இருக்கும். இல்லாதவற்றில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உறிஞ்சு வாய் வழியாகப் பென்சிலால் மெதுவாகத் தள்ளலாம்.

எது எங்கே தேயும்

பிஸ்டன் பம்பில் தேய்வது பேக்கிங், அதாவது தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையங்கள். காய்ந்து ஓடினால் சீக்கிரம் போய்விடும். வாளி காலியானது தெரியாமல் ஓடவிடுவது, தண்டின் மேல் தினமும் சில சொட்டு தொண்டைச் சீல் திரவம் விடாதது, இரண்டும்தான் பெரிய எதிரி. பேக்கிங் தேய்ந்ததா, வால்வு தேய்ந்ததா என்று கழற்றாமலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். டிரிகரை விட்டதும் பம்ப் நிற்க வேண்டும். நிற்காமல் தண்டு கீழே இறங்கிக்கொண்டே இருந்தால் உறிஞ்சு வால்வு கசிகிறது. மேலே ஏறிக்கொண்டே இருந்தால் பிஸ்டனின் பேக்கிங் அல்லது அதிலுள்ள குண்டு. பேக்கிங் செட்டை வேலைத்தளத்திலேயே மாற்றிவிடலாம் என்பது இந்த வகையின் பெரிய பலம்.

டயாபிரமில் பெயிண்ட் பக்கம் பேக்கிங்கே இல்லை. கொஞ்ச நேரம் காய்ந்து ஓடினாலும் தாங்கும். நாள் முழுக்க வார்னிஷ், எனாமல், ப்ரைமர் என்று மெல்லிய பொருளை அடிக்கும் மரப்பட்டறைக்கும் கேட் பட்டறைக்கும் இதுதான் சரி. பலவீனம் உறிஞ்சும் சக்தி. கெட்டியான எமல்ஷனை வாளியிலிருந்து இழுக்கத் திணறும், மேலே ஹாப்பர் (பெயிண்ட் தானாக இறங்கும் புனல் தொட்டி) வைத்தால் ஓடும். ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெயிண்டில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. அன்றைக்கு வேலை நின்றது, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

டிப் இரண்டு ஏர்லெஸ்ஸுக்கும் பொது. 517 என்ற டிப்பில் முதல் எண்ணை இரட்டித்தால், 30 செமீ தள்ளிப் பிடிக்கும்போது விசிறி 10 அங்குல அகலம். கடைசி இரண்டு எண்கள் துளை 0.017 அங்குலம் என்கின்றன. உள்சுவர் எமல்ஷனுக்கு 0.015 முதல் 0.017, வெளிச்சுவருக்கு 0.017 முதல் 0.021, எனாமலுக்கு 0.011 முதல் 0.013, வார்னிஷுக்கு 0.009 முதல் 0.011. விசிறியின் அகலம் கால்வாசி சுருங்கிவிட்டால் டிப்பை மாற்றுங்கள். தேய்ந்த துளை பெரிதாகி, பெயிண்டைக் கூடுதலாகக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

மெஷினின் அளவைத் தேர்ந்தெடுப்பதும் இதை வைத்துத்தான். 0.017 துளை 2,000 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு சுமார் 1.2 லிட்டர் கேட்கும். 0.015 வரை மட்டும் தாங்கும் வீட்டு உபயோக மெஷினில் அதைப் போட்டால் அழுத்தம் விழுந்து, விசிறியின் இரண்டு ஓரத்திலும் வால் போலத் தடித்த கோடு விழும். அதைச் சரிசெய்ய அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். நிமிடத்துக்கு 1.8 லிட்டர் தந்து 0.021 வரை தாங்கும் கிராக்கோ 390 போன்ற நடுத்தர பிஸ்டன் மெஷினில் 0.017 டிப் தேய்ந்தாலும் அழுத்தம் நிற்கும். வீடு வீடாக எடுத்துச் செய்யும் பெயிண்டிங் கான்ட்ராக்டருக்கு எங்கள் தேர்வு இந்த அளவுதான். தண்ணீர் கலப்பதிலும் பிரஷுக்கு டப்பாவில் போட்டிருக்கும் அளவை அப்படியே ஊற்றாமல், குறைவாகத் தொடங்கி, விசிறி சீராக வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நைலான் துணியில் வடிகட்டாமல் உறிஞ்சவிட வேண்டாம். சிமென்ட் பெயிண்ட், சிமென்ட் பட்டி, சுண்ணாம்பு மூன்றையும் இந்த மெஷின்களில் ஊற்றவே கூடாது. உள்ளே இறுகிவிடும், அல்லது பேக்கிங்கை அரைத்துவிடும்.

டர்பைனில் எமல்ஷன் ஓட வேண்டுமென்றால் நிறையத் தண்ணீர் கலக்க வேண்டும், கோட்டும் கூடும். சுவருக்கு அது வேண்டாம். ஜன்னல் கிரில், அலமாரிக் கதவு, நாற்காலி என்றால் மூன்று மெஷின்களிலும் அதுவே சிறந்தது. பெயிண்ட் வீணாவதும் குறைவு. டர்பைன் காற்று சூடாக வருவதால் கோடையில் பெயிண்ட் பரப்பில் படியுமுன் காய்ந்து சொரசொரப்பாகும். காலையில் அடிப்பதும் மெதுவாகக் காயும் தின்னர் சேர்ப்பதும் உதவும். சொந்த வீட்டின் ஓர் அறைக்கு மட்டும் என்றால் எதையும் வாங்க வேண்டாம். மாஸ்கிங் டேப் ஒட்டி மூடும் நேரத்தில் ரோலரால் ஒரு கோட் முடிந்துவிடும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலேயே ஐந்து நிமிடம் செலவழியுங்கள். தண்ணீரில் ஓட்டச் சொல்லுங்கள். பழைய பெயிண்ட் நிறம் வந்தால் அது கழுவாத மெஷின். டிரிகரை விட்டதும் பம்ப் நிற்கிறதா பாருங்கள். டிரிகர் லாக் போட்ட பிறகு டிரிகர் அசைகிறதா, ஹோஸில் எங்காவது வீக்கமோ டேப் சுற்றலோ இருக்கிறதா, பிளக்கில் எர்த் பின் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸில் டேப் சுற்றியிருந்தால் பேரம் பேசாமல் அந்த மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.