ஸ்டாண்ட் மிக்சரில் வெள்ளை பிரெட்: நான்கு வருடம் பிசைந்த கதை

மிக்சர் வாங்கிய முதல் மாதத்தில் ஐந்து பிரெட் செய்தேன். அதில் மூன்று, கையாலேயே பிசைந்திருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும்.

அதற்கு முன் இரண்டு வருடம் கையால்தான் பிசைந்துகொண்டிருந்தேன். அரை கிலோ மாவைப் பதினைந்து நிமிடம் அழுத்தி, மடித்து, இழுத்து முடிக்கும்போது மணிக்கட்டு கெஞ்சும். வீட்டில் கடை பிரெட்டை யாரும் தொடாத நிலை வந்ததும், வாரம் இரண்டு என்று கணக்கு ஏறியது. இனி கையை நம்ப முடியாது என்று ஸ்டாண்ட் மிக்சர் வாங்கினேன். தலை பின்பக்கம் சாயும் வகை, ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவான கிண்ணம், தூண்டில் முள் மாதிரி வளைந்த கொக்கி. எடை பத்து கிலோவுக்கு மேல். கனமாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், 1919இல் வீட்டுக்கென்று வந்த கிட்சன்எய்ட் எச்-5 மிக்சர் ஏறத்தாழ 30 கிலோ என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

என் அளவு இதுதான்: மைதா 500 கிராம், தண்ணீர் 315 கிராம், உப்பு 10, சர்க்கரை 20, வெண்ணெய் 30, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5. நான்கு வருடத்தில் இந்த எண்கள் பெரிதாக மாறவில்லை. மாறியதெல்லாம் தண்ணீரின் சூடும், மிக்சரை நான் நிறுத்தும் நேரமும்தான்.

சூட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் மூன்று பிரெட்டையும் கெடுத்தது அதுதான். எந்தச் செய்முறையைப் பார்த்தாலும் 'வெதுவெதுப்பான தண்ணீர்' என்றுதான் இருக்கும். நானும் 40 டிகிரியில் ஊற்றி, பத்து நிமிடம் ஓடவிட்டேன். மாவு பார்க்க அழகாக இருந்தது. அரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிட்டது. 'அடடா, என்ன வேகம்!' என்று சந்தோஷப்பட்டேன். ஓவனில் வைத்த பிறகு மேல்பகுதி குழிந்து, வெட்டினால் ஈஸ்ட் வாடையும் சாராய நெடியும் கலந்து அடித்தது. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனபோதுதான் தெர்மாமீட்டரை மாவில் குத்திப் பார்த்தேன். 36 டிகிரி.

கொக்கி மாவை இழுத்து அடிக்கும் உராய்விலேயே மாவு சூடேறுகிறது. கையால் பிசையும்போது அவ்வளவு ஏறாது. பேக்கரிக்காரர்களிடம் இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பிசைந்து முடித்த மாவு எத்தனை டிகிரியில் இருக்க வேண்டுமோ, அதை மூன்றால் பெருக்குங்கள். அதிலிருந்து உலர்ந்த மாவின் சூடு, அறையின் சூடு, உராய்வுக்கான எண் மூன்றையும் கழித்தால், மிச்சம்தான் தண்ணீர் இருக்க வேண்டிய சூடு. உராய்வு எண் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் ஓட்டுகிறோம் என்பதற்கும் மாறும். அன்றைக்கு எனக்கு அறை 28, மாவு 28, தண்ணீர் 40, கூட்டினால் 96. பிசைந்த மாவு 36, மூன்று மடங்கு 108. வித்தியாசம் 12. அதுதான் என் மிக்சரின் எண். எனக்கு மாவு 26 டிகிரியில் வேண்டும், அதாவது 78. அதில் 28, 28, 12 போனால் 10 டிகிரி. ஆக நான் ஊற்ற வேண்டியது ஃபிரிட்ஜ் தண்ணீர்! இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை நேராக மாவில் கலந்துவிடலாம், அதை எழுப்ப வெந்நீர் தேவையில்லை. அடுத்த பிரெட் ஒன்றேகால் மணி நேரம் நிதானமாக உப்பியது. உள்ளே துளைகள் சீராக இருந்தன, வாடை இல்லை.

இரண்டாவது பாடம் கொக்கியில் ஏறும் மாவு. வளைந்த கொக்கி உள்ள மிக்சர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். மூன்று நிமிடத்தில் மாவு முழுவதும் கொக்கியைச் சுற்றிக்கொண்டு, குழந்தை தூணைக் கட்டிப்பிடித்துச் சுற்றுவது போலச் சும்மா சுற்றும். மோட்டார் ஓடுகிறது, நேரம் போகிறது, ஆனால் பிசைவது நடக்கவில்லை. நிறுத்தி, மாவை வழித்துக் கீழே தள்ளி, தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும். ஒரு பிரெட்டுக்கு இரண்டு மூன்று தடவை நான் இதைச் செய்கிறேன். 'போட்டுவிட்டுப் போய் வேறு வேலை பார்க்கலாம்' என்று விளம்பரங்களில் சொல்வது பிரெட்டுக்குப் பொருந்தாது, கேக்குக்கு வேண்டுமானால் சரி.

முதல் நான்கு நிமிடம் மாவு சேறு மாதிரி கிண்ணத்தில் அப்பியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து ஒரு கை மாவு, இன்னொரு கை மாவு என்று தூவினேன். கடைசியில் கிடைத்ததைச் செங்கல் என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அதைவிட நல்ல வழி ஒன்று பிறகு தெரிந்தது. மாவும் தண்ணீரும் ஈரம் பட ஒரு நிமிடம் கலந்து, மூடி, இருபது நிமிடம் அப்படியே விட்டுவிடுவது. மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டன் தானாகவே பிணையத் தொடங்கிவிடும். ஈஸ்ட், உப்பு, சர்க்கரை எல்லாம் அப்புறம்தான். ரேமோன் கால்வெல் என்ற பிரெஞ்சு ரொட்டி ஆசிரியர் 1970களில் பரப்பிய முறை இது. இயந்திரத்தில் அளவுக்கு மீறி அடித்து அடித்து, மாவின் இளமஞ்சள் நிறமும் ருசியும் காற்றில் போய்விடுகின்றன என்பதுதான் அவருடைய ஆதங்கம். அடிக்கும் நேரம் குறையத்தான் இந்த ஓய்வு. எனக்குப் பத்து நிமிடம் ஆறாகக் குறைந்தது. அந்த இருபது நிமிடத்தில் மாவு அறைச் சூட்டுக்கு ஏறினாலும், குறைவாக அடிப்பதால் உராய்வும் குறைந்து கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. என்றாலும் கடைசியில் ஒரு தடவை தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பதை நான் விடவில்லை.

வெண்ணெயைக் கடைசியில்தான் போடுகிறேன். மாவு இழுபடும் பதத்துக்கு வந்த பிறகு, மெத்தென்ற வெண்ணெயைச் சிறு சிறு துண்டாகப் போட வேண்டும். போட்டதும் எல்லாம் கெட்டுப்போனது போலத் தோன்றும். நன்றாக உருண்டிருந்த மாவு வழுக்கி, கிழிந்து, கிண்ணத்தில் சறுக்கிக்கொண்டிருக்கும். சத்தமும் மாறும்: 'சளக், சளக்' என்று ஈரத் துணியைத் துவைப்பது மாதிரி. இரண்டு நிமிடம் பொறுத்தால் அந்தச் சளசளப்பு அடங்கி, மாவு கிண்ணத்தின் ஓரத்தில் மோதி 'தப்... தப்...' என்று ஒரே தாளத்தில் விழத் தொடங்கும். ஓரம் சுத்தமாகி, அடியில் மட்டும் ஒரு நாணயம் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் 'தப்' கேட்டதும் நான் எந்த அறையில் இருந்தாலும் எழுந்துவிடுகிறேன். எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, விரல்களால் மெல்ல விரித்தால், கிழியாமல் ஜவ்வு மாதிரி விரிந்து, பின்னாலிருக்கும் விரலின் நிழல் தெரிய வேண்டும். தெரிந்தால் நிறுத்திவிடலாம். கடிகாரத்தை நான் இப்போது பார்ப்பதே இல்லை.

மிக்சரைப் பற்றிய புகார்களுக்கு வருகிறேன். நல்ல இறுக்கமான மாவு போட்டால் அது சமையல் மேடையில் நடந்து போகும். ஒரு நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, "அப்பா, அது ஓடப் போகுது!" என்று மகள் கத்தினாள். விளிம்புக்கு நான்கு விரல் தூரத்தில் பிடித்தேன். அன்றிலிருந்து அடியில் ரப்பர் விரிப்பு. தலை மேலும் கீழும் ஆடத் தொடங்கியதும் பயந்துபோய்ப் பார்த்தால், கீல் இருக்கும் இடத்தில் ஆணி தளர்ந்திருந்தது. திருகை முடுக்க ஐந்து நிமிடம். கொக்கி கிண்ணத்தின் அடியில் உரசினாலோ, மிகவும் மேலே நின்றாலோ, அதைச் சரிசெய்யவும் ஒரு திருகு உண்டு. பல பேருக்கு அது இருப்பதே தெரியாது. கொக்கி அலுமினியமாக இருந்தால் டிஷ்வாஷரில் போடாதீர்கள், கறுத்துச் சாம்பல் விடும். எனக்கு வந்தது வெள்ளைப் பூச்சுக் கொக்கி. இரண்டாம் வருடம் பூச்சு உரிந்தது. மாவில் கலந்துவிடும் என்று தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வர் கொக்கி வாங்கினேன்.

ஒரு மாதம் ஊரில் இல்லாமல் திரும்பி வந்தபோது, கொக்கி மாட்டும் தண்டில் பழுப்பாக எண்ணெய்ச் சொட்டு நின்றது. உள்ளே இருக்கும் கிரீஸ் நெடுநாள் ஓடாமல் இருந்தால் எண்ணெய் பிரிந்து இறங்குமாம். துடைத்துவிட்டு, அடிக்கடி ஓட்டினேன், நின்றுவிட்டது. கிண்ணத்தில் விழுந்திருந்தால் அந்த மாவு போனதுதான்.

பெரிய விபத்து மூன்றாம் வருடம் நடந்தது, அதில் குற்றவாளி நான்தான். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஒரு கிலோ மாவை ஒரேயடியாகப் போட்டேன். சீக்கிரம் முடியட்டும் என்று வேகத்தையும் நான்குக்கு ஏற்றினேன். ஐந்தாவது நிமிடத்தில் சூடான பிளாஸ்டிக் வாடை. சத்தம் கனத்தது. பிறகு மோட்டார் ஓட, கொக்கி மட்டும் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கியரின் பற்கள் மழுங்கிப்போயிருந்தன. சில மிக்சர்களில் ஒரு கியரை வேண்டுமென்றே மற்றவற்றைவிட மென்மையாக வைப்பார்கள். சுமை மீறினால் அது தேயும், மோட்டார் பிழைக்கும். என்னுடையதும் அந்த ரகம். கியரும் கிரீஸும் மாற்றி வாங்க மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் மணிக்கட்டு பழைய கதையை நினைவுபடுத்தியது. அதற்கிடையில்தான் கையேட்டைத் திறந்தேன். எவ்வளவு மாவு வரை போடலாம், பிசைய வேகம் இரண்டைத் தாண்டக் கூடாது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை ஓய்வு என்று எல்லாம் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது.

புதிதாக வாங்குபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எத்தனை வாட் என்றுதான். அது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று சொல்லும் எண். கொக்கியில் எவ்வளவு பலம் வந்து சேர்கிறது என்பதை அது சொல்லாது. அதைவிட, கையேட்டில் பிரெட் மாவுக்கு எவ்வளவு அளவு போட்டிருக்கிறார்கள், உள்ளே கியர் உலோகமா, உதிரிபாகம் கிடைக்குமா என்று பாருங்கள். கிண்ணம் பெரிது என்பதற்காக அது நிறையப் பிசைய முடியாது. இன்னொன்று: மிகப் பெரிய கிண்ணத்தில் ஒரே ஒரு பிரெட்டுக்கான மாவு போட்டால் கொக்கிக்கு எட்டாமல் அடியில் கிடந்து உருளும்.

பிசைந்த பிறகு நடப்பதில் மிக்சருக்குப் பங்கில்லை, ஆனால் பழி மட்டும் அதன்மேல் போட்டிருக்கிறேன். பிரெட்டின் மேல்தோலுக்கு அடியில் சுரங்கம் மாதிரி ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. சரியாகப் பிசையவில்லை என்று பல மாதம் மிக்சரைத் திட்டினேன். பார்த்தால், டின்னில் வைக்குமுன் மாவை நான் தளர்வாகச் சுருட்டியதுதான் காரணம். காற்றை நன்றாக அமுக்கி எடுத்து, இறுக்கிச் சுருட்டி, மடிப்பைக் கீழே வைத்தேன், ஓட்டை போனது. டின்னின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் உயரம் வந்ததும் 190 டிகிரியில் 32 நிமிடம். நடுவில் 94 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. ஒரு மணி நேரம் ஆறாமல் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில்தான் பிரெட் சீக்கிரம் வறட்டுத்தனமாக ஆகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நேராக டோஸ்டரில் போடுங்கள்.

மூன்றாம் நாளும் மெத்தென்று வேண்டுமென்றால், 25 கிராம் மாவை 125 கிராம் தண்ணீரில் கரைத்து 65 டிகிரி வரை கிளறிக் கூழாக்கி, ஆறவைத்துச் சேர்ப்பேன். இரண்டையும் மொத்த அளவிலிருந்தே எடுக்க வேண்டும். அந்த மாவு அதிகம் ஒட்டும், கையால் பிசைந்தால் விரலெல்லாம் கையுறை போட்ட மாதிரி ஆகிவிடும். மிக்சருக்குக் கொடுத்த காசு எனக்குத் திரும்பி வந்தது இந்தக் கூழ் பிரெட்டில்தான் என்று சொல்வேன். மாதம் ஒரு பிரெட் சுடுபவருக்கு இது தேவையே இல்லை, இருபது நிமிட ஓய்வும் இரண்டு கையும் போதும். வாரம் தவறாமல் சுடுகிறீர்கள், மேடையில் நிரந்தரமாக ஓர் இடமும் இருக்கிறது என்றால் வாங்கலாம். அலமாரிக்குள் வைத்தால் அந்த எடையைத் தூக்கி எடுக்க மனம் வராது.

இப்போதும் விருந்தாளிகள் வந்தால் இரண்டு பிரெட்தான். ஆனால் அரை அரை கிலோவாக, இரண்டு தடவையில். முதல் உருண்டை மூடிக்கிடந்து உப்பும்போது மிக்சரின் தலையைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு இறங்கியிருந்தால் அடுத்ததைப் போடுவேன்.