பையன் இப்போ அரும்பில் இருக்கான்

முன்னே சேர்த்த தனியார் பள்ளியில் யூகேஜியிலேயே கர்சிவ், அதாவது ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதுற முறையில் எழுதச் சொன்னாங்க. அஞ்சு வயசு விரலுக்கு அது ஆகிற வேலையா? பென்சிலைப் பார்த்தாலே அழுவான்.

இப்போ கடலூரில் வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் ரெண்டாம் வகுப்பு. 2022-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த, அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 1 முதல் 3 வகுப்புப் பிள்ளைகளை வயசை வைத்து இல்லாமல் கற்ற நிலையை வைத்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை) என்று பிரிக்கிறாங்க. இவன் கணக்கில் மொட்டு, தமிழில் அரும்பு. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூட்டிவைத்தே இடமதிப்பைப் பிடிச்சுட்டான். மாமியாருக்குத்தான் 'அரும்பா?' என்று வருத்தம்.

குறை? டீச்சர் ஒருத்தர், குரூப் மூணு. பாதி நேரம் மதிப்பீட்டைச் செல்போனில் ஏத்தவே போயிடுது. நேத்து கடைப் பலகையில் 'உப்பு' என்று தானாகப் படிச்சான்.