கார்ட்டர் பாம்புத் தீனி: மதுரையில் கிடைப்பதில் எது தேறும்?

வட அமெரிக்கப் பாம்பான கார்ட்டர், காட்டில் மண்புழு, தவளை, மீன் என்று தின்று வளர்வது. இங்கே அதை வைத்திருப்பவர்கள் தீனிக்காக முதலில் போவது வண்ணமீன் கடைக்கு. அங்கே மலிவாகக் கிடைப்பது தங்கமீன். எங்கள் பட்டியலில் கடைசி இடம் அதற்குத்தான்.

தங்கமீன் கெண்டைக் குடும்பம். அதன் உடம்பிலுள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். எப்போதாவது ஒன்று உள்ளே போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதையே வழக்கமாக்கினால் பாம்புக்கு நடுக்கம் வரும், தலை கோணும், மல்லாந்தால் திரும்பிப் படுக்க முடியாது, கடைசியில் வலிப்பு. அதற்குப் பிறகு கால்நடை மருத்துவரின் பி1 ஊசிதான். ஃப்ரீசரில் வைத்தாலும் நொதி சாகாது. 80 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கினால் அழியும். ஆனால் தினப்படித் தீனிக்கு யார் இப்படி மெனக்கெடுவது? கட்லா, ரோகுவும் கெண்டைக் குடும்பம்தான், ஒதுக்கிவிடலாம். நெத்திலி, மத்தி வகைகளும் இதே காரணத்தால் வேண்டாம்.

அயிரையைப் பார்த்தால் பாம்புக்கென்றே அளவெடுத்ததுபோல இருக்கும். ஆனால் அதுவும் கெண்டைக்கு உறவுமுறை. கண்ணுக்குக் கீழே விரிகிற முள் வேறு உண்டு, தொண்டையில் குத்தும். அயிரை விற்கிற விலைக்கு அதைக் குழம்பு வைத்து நாமே சாப்பிடுவதுதான் நியாயம்.

முதலிடம் ஜிலேபி மீனுக்கு. ஜிலேபிக் கெண்டை என்று சொன்னாலும் அது கெண்டைக் குடும்பமில்லை, தயமினேஸ் தொல்லையும் இல்லை. வைகை அணை மீன் வரும் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். விரல் நீளக் குஞ்சாகக் கிடைத்தால் குடலோடும் எலும்போடும் முழுசாகக் கொடுப்பதே உத்தமம். முதுகுத் துடுப்பு முள்ளையும் பக்கத் துடுப்பையும் மட்டும் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். பெரிய மீன் என்றால் செதில் நீக்கி, பாம்பின் நடு உடம்பை விடத் தடிக்காத துண்டுகளாக நறுக்குங்கள். வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து போதாது, கால்சியம் பொடி தூவ வேண்டும். ஒட்டுண்ணி பயத்துக்கு மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைத்து, முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக்கிக் கொடுங்கள்.

கப்பி, மோலி என்ற சின்ன வண்ணமீன்கள் இரண்டும் நல்லவை, ஆனால் குட்டிப் பாம்புக்குத்தான் போதும். சாக்கடையிலும் கம்மாயிலும் அள்ளிய கப்பி வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் பிடித்த தவளையும் அப்படித்தான், ஒட்டுண்ணி மூட்டை.

மண்புழு வாங்குகிறவர்கள் கண்ணைத் திறந்து பார்த்து வாங்க வேண்டும். உரக்குழிகளில் வளர்ப்பவை பெரும்பாலும் இரண்டு இனம். சிவந்த உடம்பில் மஞ்சள் வளையம் தெரிந்து, தொட்டால் நாற்றமடிக்கும் மஞ்சள் நீர் விடுகிறதே, அது ஐசீனியா ஃபெட்டிடா, பாம்புக்கு ஆகாது. வளையமில்லாமல் தடித்து, கத்தரிப்பூ மினுமினுப்போடு இருப்பது யூட்ரிலஸ் யூஜெனியே, அதைக் கொடுக்கலாம். ஒரு நாள் ஈரமான தென்னை நார்த்தூளில் போட்டு வயிற்று மண் கழிந்த பிறகு, கழுவிக் கொடுங்கள். பூச்சி மருந்தடித்த வயல் புழுவைத் தொடாதீர்கள்.

மீனும் புழுவும் மட்டும் போதாது. எலிக்குஞ்சு கிடைத்தால், முடி முளைக்காததாக, உறைய வைத்து உருக்கி அவ்வப்போது சேருங்கள். சத்துக்கு அதற்கு மிஞ்சியதில்லை. மோந்து பார்த்து ஒதுங்கினால் அதன் மேல் ஜிலேபி மீன் கழுவிய நீரைத் தடவுங்கள், பெரும்பாலும் பிடித்துவிடும். புழுப்பூச்சி விற்பவர்கள் தரும் மீல்வோர்ம் என்ற மாவுப்புழு, வெட்டுக்கிளி இதற்கு உணவே இல்லை.

குட்டிக்கு வாரம் இருமுறை, வளர்ந்ததற்கு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை. இரண்டு பாம்பு இருந்தால் தனித்தனிப் பெட்டியில் போடுங்கள். ஒரே துண்டை இரண்டும் கவ்வினால் ஒன்று மற்றொன்றை விழுங்கப் பார்க்கும். சித்திரை வெயிலில் மீந்த மீனை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். தின்றபின் 2 நாளைக்குப் பாம்பைக் கையில் எடுக்காதீர்கள், கக்கிவிடக்கூடும்.

கம்மாய்த் தண்ணீர்ப் பாம்பைப் பிடித்து வந்து இதே தீனியைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.