ரேரே ஆமையைப் பெருக்க எது சரி: வெளிநாட்டுத் தொட்டியா, உள்ளூர்க் குளமா, ஏரிக்கரை முட்டையா?

மடகாஸ்கரின் மேற்குப் பகுதி ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் ரேரே என்றொரு நன்னீர் ஆமை வாழ்கிறது. பெரிய தலை, வலுவான தாடை, அரை மீட்டர் வரை நீளும் ஓடு. இதன் நெருங்கிய உறவுகள் எல்லாம் அமேசான், ஒரினோகோ பக்கம். ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் சேர்த்துப் பார்த்தாலும் அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது இது மட்டும்தான். வலையில் சிக்குகிறது, தூண்டிலை விழுங்குகிறது, கறிக்குப் போகிறது. கரையில் இடும் முட்டையையும் விட்டுவைப்பதில்லை. போதாததற்கு ஏரிகள் மண் மேவி நெல்வயலாகின்றன. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் காட்டிலேயே அற்றுப்போவதற்கு முந்தைய படியில் நிற்கிறது.

இதைப் பெருக்குவதற்கு மூன்று வழிகள் பேசப்படுகின்றன. சில ஜோடிகளை வெளிநாட்டு விலங்குக் காட்சியகங்களுக்குக் கொண்டுபோய், வம்சாவளிப் பதிவேடு வைத்துப் பெருக்குவது ஒன்று. மடகாஸ்கரிலேயே குளம் வெட்டி, வளர்ந்த ஆமைகளை விட்டுக் குஞ்சு எடுப்பது இன்னொன்று. வளர்ந்த ஆமைகளைத் தொடாமல் ஏரிக்கரையில் அவை இட்ட முட்டைகளை மட்டும் எடுத்துப் பொரித்து, குஞ்சுகளை ஓரளவு வளர்த்து அதே ஏரியில் விடுவது மூன்றாவது. என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் ஒரு பெரிய நிபந்தனை உண்டு.

வெளிநாட்டு வழிக்கு ஆதரவாகச் சொல்ல ஒரு வலுவான வாதம் இருக்கிறது: நோய். 2015-இல் ஆஸ்திரேலியாவின் பெல்லிங்கர் ஆற்றில் ஒரு வைரஸ் புகுந்து, உலகத்திலேயே அந்த ஆற்றில் மட்டும் வாழும் ஆமையினத்தில் வளர்ந்தவற்றைக் கூட்டமாகக் கொன்றது. நோய் தொடாத சிலவற்றை அவசரமாகப் பிடித்துத் தனியே வைத்துப் பெருக்கியதால்தான் அந்த இனத்துக்கு இன்று ஒரு பிடிமானம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, அந்தக் காப்பகமும் அதே நாட்டுக்குள்தான். ரேரே அப்படி ஒரே ஆற்றில் அடைபட்ட இனமும் அல்ல.

மற்றபடி கணக்கு இடிக்கிறது. அரை மீட்டர் ஆமைக்குத் தொட்டி போதாது, குளம் வேண்டும். குளிர்நாட்டில் அந்தக் குளத்துக்குக் கூரை, சூடான தண்ணீர், ஃபில்டர், விளக்கு எல்லாம் வேண்டும். இரண்டு ஆண்களை ஒன்றாகப் போட்டால் கடித்துக்கொள்ளும் அபாயம் இருப்பதால் தடுப்புகளும் வேண்டும். இவ்வளவு செலவு செய்து பொரித்த குஞ்சைத் திரும்ப மடகாஸ்கர் ஏரியில் விடலாமா என்றால், நோய்ப் பயம் இப்போது எதிர்ப்பக்கமிருந்து வருகிறது. பல நாட்டு ஆமைகளோடு ஒரே கட்டடத்தில் வளர்ந்த குஞ்சு என்ன கிருமியைச் சுமந்து வருகிறது என்று எந்தப் பரிசோதனையும் முழு உறுதி தராது. ஆக, அங்கே பிறப்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். காப்பீடு என்ற அளவில் ஒரு சின்னக் கூட்டம் வெளியே இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

உள்ளூர்க் குளம் என்றால் அம்பிஜோரோவா. வடமேற்குத் துறைமுக நகரான மகாஜங்காவிலிருந்து தலைநகர் போகும் சாலையில், அங்காரஃபான்ட்சிகா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஜெர்சித் தீவைத் தலைமையிடமாகக் கொண்ட டரல் அறக்கட்டளை 1986-இல் அங்கோனோகா என்ற நில ஆமைக்காகத் தொடங்கிய திட்டத்தின் இனப்பெருக்க மையம் இது. பின்னால் ரேரேயும் சேர்ந்தது. வெயிலும் மழையும் ஆமைக்குப் பழகியவை, மின்கட்டணம் ஒரு பொருட்டில்லை, தீனி உள்ளூரிலேயே கிடைக்கும். முக்கியமாக, பராமரிப்பு ஞானம் அந்த நாட்டு ஆட்களின் கையில் சேர்கிறது. காட்சியக வழியில் கிடைக்காத லாபம் இது.

இங்கே ஆபத்து வேறு மாதிரி. 1996-இல் இதே மையத்திலிருந்து ஒரே திருட்டில் 70-க்கும் மேற்பட்ட அங்கோனோகாக்கள் போயின. சந்தையில் விலை போகும் உயிர்களை ஒரே வேலிக்குள் சேர்த்து வைப்பது திருடனுக்குத் தேடும் வேலையை மிச்சப்படுத்துகிறது. காவலுக்கு ஆள், கம்பி, விளக்கு என்று வருடாவருடம் ஓடும் செலவைத் திட்ட அறிக்கைகளில் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைப்பார்கள். முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது அதுதான்.

இன்னொரு சிக்கல் பெண் ஆமையின் நாள்காட்டி. ரேரே பெண்கள் ஒன்றுவிட்டு ஒரு வருடம்தான் முட்டையிடுகின்றன போலிருக்கிறது என்று ஆமை ஆராய்ச்சியாளர் கெரால்ட் குக்லிங் 1993-இல் எழுதினார். நான்கு பெண்கள் உள்ள குளத்தில் ஒரு பருவம் முழுக்க ஒரு முட்டையும் இல்லாமல் போகலாம். அதற்காகத் தீனியை மாற்றி, ஆணை மாற்றி, ஆமையைக் கலவரப்படுத்தக் கூடாது. ஸ்கேன் கருவியைப் பின்காலுக்கு முன்னால் உள்ள மெல்லிய தோலில் வைத்தால் கருமுட்டைகள் வளர்கின்றனவா என்று தெரிந்துவிடும். அப்பன் யார் என்பதும் எளிதில்லை. பெண் ஆமைகள் விந்தணுவை நீண்ட காலம் உள்ளே சேமித்து வைக்கக் கூடியவை, ஓர் ஈட்டு முட்டைக்கே இரண்டு தகப்பன்கள் இருக்கலாம். 'ஒரே குளத்தில் இருந்த ஆண்' என்று பதிவேட்டில் எழுதினால் அது ஊகம். மரபணுச் சோதனை செய்தால்தான் பதிவேட்டுக்கு மதிப்பு.

சரி, முட்டை வந்துவிட்டது. இங்கிருந்து மூன்று வழிக்கும் பொதுவான வேலை. இட்ட ஒரு நாளுக்குள் கரு முட்டையின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதற்குப் பிறகு உருட்டினால் கரு சாகலாம். அதனால் பென்சிலால் மேற்புறத்தில் ஒரு குறி போட்டு, அந்தக் குறி மேலே இருக்கும்படியே ஈரம் தாங்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டை நனைத்து அதில் வைக்க வேண்டும். கோழி முட்டைக்குச் செய்வதுபோலத் திருப்பிக்கொண்டே இருந்தால் மொத்த ஈடும் போகும்.

அப்புறம் வெப்பம். பல ஆமைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அடைகாக்கும் வெப்பம்தான் முடிவு செய்கிறது. ரேரேயின் அமேசான் உறவுகளில் சூடு கூடினால் பெண். ஆப்பிரிக்காவின் பெலூசியோஸ் வகைச் சேற்றாமைகளில் சிலவற்றில் குளிர்ந்த ஓரத்திலும் சூடான ஓரத்திலும் பெண், நடுவில் ஆண். மென்னோட்டு ஆமைகளான நைல் ஆமை போன்றவற்றின் குடும்பத்தில் பொதுவாக வெப்பத்துக்கு வேலையில்லை, மரபணுவே தீர்மானிக்கிறது. ஒரு இனத்துக்கு எழுதிய இன்குபேட்டர் அட்டவணையை இன்னொன்றுக்கு அப்படியே போடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். குஞ்சைப் பார்த்தும் பால் தெரியாது. உடலுக்குள் மெல்லிய கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், இல்லையேல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரே வெப்பத்தில் பத்து வருடம் பொரித்துவிட்டு, எல்லாம் ஆண் என்று கண்டுபிடிப்பது நடக்கக் கூடிய விபத்து. ஏரிக்கரையில் வெயிலிலும் நிழலிலும் இருக்கும் கூடுகள் தாமாகவே கலப்பைத் தருகின்றன. முடிந்த இடத்தில் முட்டையை எடுக்காமல், கூட்டின் மேல் வலை போட்டுக் காவல் வைப்பதே நல்லது என்பேன்.

மூன்றாவது வழியின் பலம், வளர்ந்த பெண்கள் ஏரியிலேயே இருக்கின்றன என்பது. பெற்றோரைச் சிறைவைக்கும் செலவில்லை, மரபணுக் கலப்பை ஏரியே கவனித்துக்கொள்ளும், அந்த ஏரியின் குஞ்சு அந்த ஏரிக்கே போகும். சிறு குஞ்சுக்கு எதிரிகள் ஏராளம்: பறவைகள், மீன்கள், மடகாஸ்கர் ஏரிகளில் வெளியிலிருந்து வந்து பரவிய விரால் இனம் ஒன்று உட்பட. கொஞ்சம் வளர்ந்து ஓடு கெட்டியானதும் விட்டால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் தீனியை அள்ளிப் போட்டு அவசரமாக வளர்த்தால் ஓடு கோணும், கொழுப்பு சேரும். படத்துக்கு அழகான குண்டுக் குஞ்சு ஏரிக்கு ஏற்ற குஞ்சு அல்ல.

இப்போது அந்த நிபந்தனை. கடலாமைக் குஞ்சுகளை இப்படி வளர்த்து விடுவதைக் கடலாமை ஆய்வாளர் நாட் ஃப்ரேசர் 1992-இல் 'அரைவழித் தொழில்நுட்பம்' என்றார். நோய்க்குக் காரணமானதைத் தொடாமல் அறிகுறிக்கு மட்டும் மருந்து. அதற்கு முன்பே, 1987-இல், அமெரிக்க லாகர்ஹெட் கடலாமைகளைப் பற்றிய ஒரு கணக்கு, முதல் வருடத்தில் ஒரு குஞ்சுகூடச் சாகாவிட்டாலும் எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் போகும் என்று காட்டியது. வளர்ந்தவையும் வளரும் பருவத்தவையும் வலையில் சாவதை நிறுத்தினால்தான் நிமிரும். ரேரேக்கும் அதே தர்க்கம். ஒரு பெண் தன் ஆயுள் முழுவதும் இடும் முட்டைகளிலிருந்து இரண்டே இரண்டு குஞ்சுகள் முதிர்ச்சிக்கு வந்தாலே இனம் நிலைத்துவிடும். அவ்வளவு நீண்ட ஆயுளை நம்பி வாழும் உயிரில் இளம் வயதிலேயே ஒரு தாய் போனால், நூறு குஞ்சு விட்டும் அந்த இடம் நிரம்பாது.

ஆகவே மீனவர்களோடு பேசி, எந்த வலையை எந்தப் பருவத்தில் எங்கே போடுவது என்று ஒரு ஏற்பாடு வராத ஏரியில் குஞ்சு விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அங்கே வளர்த்து விடுவது அடுத்த வலைக்குத் தீனி. குஞ்சின் படத்துக்கு நன்கொடை வருகிறது, வலைக் கண்ணளவு பற்றிய ஊர்க் கூட்டத்தின் படத்துக்கு வருவதில்லை என்பதும் உண்மைதான்; பணம் தேடுகிறவர்களின் கஷ்டம் புரிகிறது. அப்படியும் ஒரு திட்டத்தை அளக்க 'எத்தனை பொரித்தோம்' என்ற எண் உதவாது. மைக்ரோசிப் போட்டு விட்டவற்றில் ஐந்து வருடம் கழித்து எத்தனை திரும்ப அகப்படுகின்றன என்பதைக் கேட்க வேண்டும்.

இதே தீர்ப்பை ஆப்பிரிக்காவின் மற்ற ஆமைகளுக்கு நீட்ட முடியாது. முதலில் நம் கையில் இருப்பது எந்த இனம் என்பதே தகராறு. செஷல்ஸ் தீவுகளுக்கே உரியது, அழிந்துபோனது என்று நம்பப்பட்ட ஒரு பெலூசியோஸ் ஆமை அப்படியொரு இனமாக இருந்ததே இல்லை என்று 2013-இல் மரபணு காட்டியது. அது ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கத்து சாதாரண இனம்தான். மறுவருடம் எதிர்ப்பக்கம்: ஒரே இனம் என்று எண்ணியிருந்த பெலோமெடூசா என்ற ஆப்பிரிக்க நன்னீர் ஆமையைப் பத்தாகப் பிரித்தார்கள். பழைய காட்சியகக் கூட்டங்களில் யாரோடு யார் கலந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் தலை சுற்றும்.

மென்னோட்டு வகையைச் சேர்ந்த நூபிய மடலோட்டு ஆமையின் கதை இன்னும் கடினம். பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல், சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெற்கு சூடானில் மறுபடி உறுதியானது. இத்தனை அரிதான உயிரில் ஒரு பெண் அகப்பட்டால் குளத்தில் வைப்பதா, விடுவதா? ரேடியோ கருவி பொருத்தி விட்டுவிட்டு, அது முட்டையிடும் கரையைக் கண்டுபிடிப்பதே மேல் என்பது என் கருத்து. முட்டையைக் கையாளும் பாடத்தைச் சொந்தக்கார இனத்தில் படிக்கலாம். அந்தச் சொந்தம் நம்மூர்க் குளங்களில் கிடக்கும் பால் ஆமை, இரண்டும் ஒரே துணைக்குடும்பம். பால் ஆமையின் கரு முட்டைக்குள் வளர்ச்சியை நிறுத்தி உறங்கிக் கிடந்து, பின்னர் எழும். சென்னை முதலைப் பண்ணையில் வேலை பார்த்த ஜெ. விஜயா 1980-களின் தொடக்கத்திலேயே இந்த உறக்கத்தையும் வெப்பத்தை மாற்றி அதைக் கலைப்பதையும் ஆராய்ந்திருக்கிறார். நூபிய ஆமையின் முட்டையும் அப்படி உறங்குமானால், தெரியாத ஆள் 'கெட்டுப்போன முட்டை' என்று தூக்கி எறிந்துவிடுவார்.